பழைய காருக்கு மைனஸ் 35: கையில் இருக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது?

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் இருக்கும் வின்னிபெக்கில் அக்டோபர் பிறந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணா, 2005 கரோலா ஒண்ணு வாங்கியிருக்கேன். குளிருக்கு முன்னாடி ஏதாவது செய்யணும்னு எல்லாரும் சொல்றாங்க. கையில நானூறு டாலர்தான் இருக்கு. பிளாக் ஹீட்டர் போடவா, புது பேட்டரி வாங்கவா, ரிமோட் ஸ்டார்ட் வைக்கவா?" பிளாக் ஹீட்டர் என்பது நிற்கும் வண்டியின் என்ஜினைக் கரண்டில் சூடாக்கி வைக்கும் சாமான்; ரிமோட் ஸ்டார்ட் என்றால் வீட்டுக்குள்ளிருந்தே பட்டனை அழுத்தி வண்டியைக் கிளப்புவது. கேட்பவர்கள் படிக்க வந்த பிள்ளைகள், இல்லையென்றால் வந்து ஒரு வருடம்கூட ஆகாத குடும்பங்கள். புது வண்டிக்கு வழியில்லை. மைனஸ் 30-இல் கைக்குழந்தையோடு பஸ்ஸுக்கு நிற்கவும் முடியாது. இருபது வயது வண்டியை நம்பித்தான் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

அவர்கள் கேட்கும் மூன்றில் எதையும் நான் முதலில் சொல்வதில்லை. ரேடியேட்டரில் இருப்பது என்ன, அது எந்தக் குளிர் வரை தாங்கும் என்று அளந்து பார்க்கச் சொல்வேன். பேட்டரி டவுன் ஆனால் ஒரு காலைப் பொழுது வீணாகும். பக்கத்து வண்டியிலிருந்து பூஸ்ட் கொடுத்துக் கிளம்பிவிடலாம். ரேடியேட்டரிலும் என்ஜினிலும் ஓடிச் சூட்டைத் தணிக்கும் திரவம், அதாவது கூலன்ட், உறைந்தால் என்ஜினே போய்விடும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் ஒன்பது சதவீதம் விரிகிறது. அந்த விரிவை வார்ப்பிரும்பும் தாங்காது, அலுமினியமும் தாங்காது. என்ஜினின் உலோக உடம்பான பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகச் சின்னத் தட்டுகள் அடித்திருப்பார்கள், 'ஃப்ரீஸ் பிளக்' என்று பெயர். உறைந்தால் அது பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து என்ஜினைக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அது பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை எடுக்க விட்ட ஓட்டைகளின் மூடி. சில சமயம் காப்பாற்றும். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. அது பிதுங்கும் முன்பே பிளாக் விரிசல் விடலாம்.

இதை நான் தெரிந்துகொண்டது என் முதல் குளிர்காலத்தில், 2013 டிசம்பரில். அந்த வருடத்தின் கடைசி நாளில் இங்கே மைனஸ் 38-ஐ ஒட்டிப் போனது. செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்து அனுப்பிய அதிகபட்ச வெப்பநிலையைவிட வின்னிபெக்கில் குளிர் அதிகம் என்று மானிட்டோபா அருங்காட்சியகத்தில் சொன்னார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் என் பழைய சிவிக்கை ஒரு காலையில் ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் ஓடியது. ஆனால் வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வந்தது. ஐந்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. வெளியே மைனஸ் 31, உள்ளே என்ஜின் கொதிக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் ஓர் அண்ணன் இருந்தார். ஊரில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். அவர் வந்து பானட்டைத் திறந்து, ரேடியேட்டரின் கீழ் ஹோஸை இரண்டு விரலால் அமுக்கினார். என்னையும் அமுக்கச் சொன்னார். நொறுக்கிய ஐஸைத் துணிப்பையில் போட்டு அமுக்கினால் வருமே, அந்தக் கரகரப்பு கையில் தெரிந்தது.

"தம்பி, இதுல என்ன ஊத்துனே?"

"தண்ணிதாண்ணே. கோடையில கொறைஞ்சப்போ ரெண்டு மூணு தடவை ஊத்துனேன்."

அவர் திட்டவில்லை. "ஊர்ப் பழக்கம். இங்க அது ஆகாது" என்று மட்டும் சொன்னார். மதுரையில் எங்கள் அப்பாவின் அம்பாசடருக்கு வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ரேடியேட்டர் என்றால் தண்ணீர்தான் என்று மனதில் பதிந்திருந்தது. ரேடியேட்டரில் இருந்தது கூழாக உறைந்து வழியை அடைத்துவிட, என்ஜினின் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறியிருக்கிறது. வண்டியை ஒரு சூடான நிலத்தடிப் பார்க்கிங்குக்கு இழுத்துப் போய் ஒரு நாள் முழுக்க உருக விட்டோம். பிளாக் தப்பியது. வாட்டர் பம்ப் போனது.

இனி எண்களுக்கு வருகிறேன். தண்ணீர் உறையாமல் இருக்கக் கலப்பது ஆன்டிஃப்ரீஸ்; வழக்கமானது எத்திலீன் கிளைக்கால். அதையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை உறையாது. கிளைக்கால் 60 சதவீதமானால் மைனஸ் 50-ஐத் தாண்டும். 40 சதவீதம் என்றால் மைனஸ் 24-இலேயே உறைய ஆரம்பித்துவிடும். அப்படியானால் தண்ணீரே கலக்காமல் ஊற்றிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அது தவறு. தனி கிளைக்கால் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். 70 சதவீதத்துக்கு மேல் போகவே கூடாது. சூட்டைக் கடத்துவதிலும் அது தண்ணீரைவிட மட்டம். வின்னிபெக், ரெஜைனா, சாஸ்கட்டூன் போன்ற ஊர்களுக்கு 55 முதல் 60 வரை என்பது என் கணக்கு.

வானிலை அறிக்கையில் 'மைனஸ் 48 போல் உணரப்படும்' என்று சொல்வார்கள். அது நம் தோலுக்குச் சொல்வது. காற்று வண்டியைச் சீக்கிரம் குளிர வைக்கும், ஆனால் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. கூலன்ட்டுக்குத் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் பாருங்கள்.

அளக்க மூன்று வழி. மிதக்கும் உருண்டைகள் உள்ள உறிஞ்சு குழல் ஐந்தாறு டாலருக்குக் கிடைக்கும், தோராயமாகத்தான் சொல்லும். நிறம் மாறும் காகிதப் பட்டை அமிலத்தன்மையையும் காட்டுவதால் பழைய கூலன்ட்டுக்கு உதவும். என் விருப்பம் முப்பது டாலர் அளவில் கிடைக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்தால் உறைநிலை நேராகத் தெரியும். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் பத்து வருடத்துக்கு வரும். சொட்டு எடுக்கும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளவு சரியில்லை என்று தெரிந்தால் இரண்டு வழி இருக்கிறது. கூலன்ட் சுத்தமாக இருந்து, தண்ணீர் மட்டும் கூடியிருந்தால், கொஞ்சம் வடித்துவிட்டு அதே அளவு கலக்காத ஆன்டிஃப்ரீஸை ஊற்றினால் போதும். துருநிறம், சகதி, எண்ணெய்ப் பசை தெரிந்தால் முழுதாக அலசி மாற்ற வேண்டும்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு குழி இருக்கிறது. நன்றாகத் தெரிந்தவர்கள்கூட அதில் விழுவார்கள். ஆறரை லிட்டர் கொள்ளும் வண்டியைத் தண்ணீர் விட்டு அலசி, கீழே வடித்தால், மூன்று லிட்டர் தண்ணீர் பிளாக்கிலும் ஹீட்டர் குழாய்களிலும் தங்கிவிடும். மீதி மூன்றரை லிட்டருக்குக் கடையில் விற்கும் 'ஐம்பதுக்கு ஐம்பது' ரெடிமேட் கலவையை ஊற்றினால், கேன் மேல் மைனஸ் 37 என்று எழுதியிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது 27 சதவீதம்தான். மைனஸ் 14 அளவிலேயே கூழாகும். அதே இடத்தில் கலக்காததை மூன்றரை லிட்டர் ஊற்றினால் 54 சதவீதம் வந்துவிடும். செலவு ஏறக்குறைய ஒன்றுதான். எனவே அலசும் வேலைக்குக் கலக்காத கேன்தான் சரி. ரெடிமேட் கலவை அவ்வப்போது அளவு குறைந்தால் ஊற்ற மட்டும். கடைசியாக அலசுவது டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் அந்தந்தக் கம்பெனி போடும் சாயம். வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைப் பாருங்கள். கீழே சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

கூலன்ட் வேலை முடிந்தது, ஐம்பது அறுபது டாலர் போயிருக்கும். மீதிப் பணம் பேட்டரிக்கா, பிளாக் ஹீட்டருக்கா என்பதுதான் உண்மையான கேள்வி.

குளிர் இரண்டு பக்கமும் அடிக்கிறது. 27 டிகிரியில் ஒரு பேட்டரிக்கு இருக்கும் சக்தியில் மைனஸ் 18-இல் சுமார் 40 சதவீதம்தான் மிஞ்சும். அதே சமயம் ஆயில் தடித்துப்போவதால் என்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் கேட்கும் கரண்ட் இரண்டு மடங்கு வரை ஏறும். புது பேட்டரி முதல் பிரச்சினையைச் சமாளிக்கும். பிளாக் ஹீட்டர் இரண்டாவதைச் சமாளிக்கும். பேட்டரியை அது சூடாக்குவதில்லை. ஆனாலும் என்ஜின் இலகுவாகச் சுற்றுவதால் பாதி பலம் உள்ள பேட்டரியும் வண்டியை எடுத்துவிடும். சும்மா ஒப்பிட்டால் ஹீட்டருக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். என்ஜின் தேய்மானம் குறையும், கண்ணாடிப் பனி சீக்கிரம் உருகும், பெட்ரோலும் மிச்சம்.

ஆனால் பேட்டரியின் வயது இந்தக் கணக்கை மாற்றிவிடும். நன்றாகச் சார்ஜ் உள்ள பேட்டரி மைனஸ் 60 வரை உறையாது. பாதிச் சார்ஜ் என்றால் மைனஸ் 25 பக்கம் உறையும். சுத்தமாக இறங்கிய பேட்டரிக்கு மைனஸ் 7, 8 போதும். உறைந்தால் உள்ளே தகடுகள் வளைந்து, பெட்டி பிதுங்கி, அதோடு அதன் கதை முடிந்தது. ஐந்து வருடம் தாண்டிய பேட்டரி பெரும்பாலும் சார்ஜைப் பிடித்து வைக்காது. அதை வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது டாலருக்கு ஹீட்டர் போடுவது ஓட்டைக் குடத்துக்கு மூடி வாங்குவது மாதிரி.

எனவே பேட்டரியைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் இழுத்து அதன் பலத்தைப் பார்க்கும் லோடு டெஸ்ட் பல உதிரிபாகக் கடைகளில் இலவசம். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. வண்டி ஓடும்போது 13.8-க்கும் 14.7-க்கும் இடையில் இல்லையென்றால் கோளாறு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில். புது பேட்டரி வாங்கியும் பயனில்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இறுக்குங்கள். 'பேட்டரி செத்துப்போச்சு' என்று வந்த வண்டிகளில் சிலவற்றுக்கு நான் செய்தது இவ்வளவுதான்.

வாங்குவதானால் சிசிஏ எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18-இல் முப்பது நொடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல், எத்தனை ஆம்பியர் கொடுக்க முடியும் என்பது அது. உங்கள் வண்டித் தட்டில் உட்காரும் அளவில் அதிகபட்ச சிசிஏ எதுவோ அது போதும். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊற வைத்த ஏஜிஎம் வகை நல்ல பேட்டரிதான். ஆனால் விலை அதிகம்; இருபது வயது கரோலாவுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்த வித்தியாசத்தை ஹீட்டருக்கு வையுங்கள்.

பிளாக் ஹீட்டர் இந்தப் பிரதேசத்துக் கண்டுபிடிப்பே. வின்னிபெக்கிலிருந்து தெற்கே எல்லை தாண்டினால் வருகிற கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காசு கொடுத்துப் போடும் முன் உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டோபாவில் விற்ற வண்டி என்றால் முன் கிரில்லில் ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்ராறியோவிலிருந்தோ வான்கூவரிலிருந்தோ வந்த வண்டியில் பெரும்பாலும் இருக்காது. பிளக் இருந்தால் அதன் இரண்டு தட்டைக் காலுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். 400 வாட் ஹீட்டர் 36 ஓம் பக்கம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் பாதி நேரம் ஹீட்டர் நன்றாக இருக்கும், ஒயர்தான் அறுந்திருக்கும். முப்பது டாலரில் முடிகிற வேலைக்கு முந்நூறு கொடுக்காதீர்கள்.

இரவு முழுக்கச் செருகி வைப்பது வீண். இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால் போதும் என்று கனடா இயற்கை வளத் துறை சொல்கிறது. மைனஸ் 30-க்குக் கீழே நான் மூன்று மணி நேரம் விடுவேன். 400 வாட் பத்து மணி நேரம் ஓடினால் நான்கு யூனிட். யூனிட் பத்து சென்ட் என்று வைத்தால் ஓர் இரவுக்கு நாற்பது சென்ட். இரண்டு மணி நேரத்துக்கு எட்டு சென்ட். நூறு இரவுக்கு முப்பத்திரண்டு டாலர் வித்தியாசம். வெளியில் வைக்கும் டைமர் இருபது டாலர். எக்ஸ்டென்ஷன் ஒயர் மூன்று கால் உள்ளதாக, குளிரில் விறைக்காத வகையாக இருக்கட்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய ஒயர் மைனஸ் 30-இல் மேலுறை வெடித்துச் செம்பு வெளியே தெரியும். கூலன்ட் மாற்றிய அன்றே ஹீட்டரைப் போடாதீர்கள். வண்டியை ஓட்டி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றிய பிறகு போடுங்கள்; காற்றில் நின்றால் ஹீட்டர் கம்பி எரிந்துவிடும்.

பேட்டரிக்குச் சுற்றும் மின் போர்வை, ஆயில் பேனில் ஒட்டும் பேடு, மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் சின்னச் சார்ஜர் என்று வேறு சாமான்களும் உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சார்ஜரை வாங்குங்கள். பத்து நிமிடம் வேலைக்கு, பத்து நிமிடம் வீட்டுக்கு என்று மட்டும் ஓடும் வண்டியில், ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடி, லைட் எல்லாம் போட்டால் ஸ்டார்ட்டுக்குச் செலவான சார்ஜ் திரும்ப ஏறவே ஏறாது. வாரம் ஒரு ராத்திரி சார்ஜர் மாட்டினால் பேட்டரி இரண்டு குளிர்காலம் கூடுதலாக உழைக்கும் என்பது என் அனுபவம். ஆயில் மாற்றும்போது கையேடு அனுமதித்தால் குளிரில் அவ்வளவு தடிக்காத ஜீரோ டபிள்யூ (0W) வகை சிந்தெடிக் ஆயில் போடுங்கள். என்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் என்ஜின் சூடே ஏறாது. விலை குறைந்த சாமான், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். குளிர்காற்றைத் தடுக்க கிரில் முன்னால் அட்டை வைப்பது இங்கே பழைய வழக்கம், பயனும் உண்டு. மைனஸ் 10-க்கு மேலே வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ரிமோட் ஸ்டார்ட்டை நான் கடைசியில் வைக்கிறேன். அது வசதி, பாதுகாப்பு அல்ல. வீட்டுக்குள்ளிருந்து பட்டனை அழுத்தினாலும் தடித்த ஆயிலோடு உறைந்த என்ஜின்தான் சுற்றப்போகிறது. பழைய வண்டியில் ஒயரிங்கை வெட்டி ஒட்டித்தான் மாட்டுவார்கள். ஒரு கடையில் எனக்கு மாட்டிக் கொடுத்ததில், வண்டி நிற்கும்போதும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருந்தது; மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி காலி. இரவு வேலைக்குப் போகும் நர்ஸ் ஒருவர், குழந்தைகளைக் காலையில் ஏற்றிப் போகும் தாய், இவர்களுக்கு அந்தச் சூடான இருக்கை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அவர்களும் கூலன்ட், பேட்டரி, ஹீட்டர் மூன்றும் முடிந்த பிறகு அதற்குப் போகட்டும்.

அப்புறம், பார்க்கிங்கில் பிளக் பாயிண்டே இல்லாதவர்கள். அவர்களுக்குப் பணம் முழுக்கப் பேட்டரிக்கும் ஆயிலுக்கும். வண்டி இரண்டு மூன்று நாள் நிற்கப்போகிறது, மைனஸ் 35 வரப்போகிறது என்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு, மாட்டும்போது தலைகீழ். பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும், படியில் ஐஸ் இருந்தால் தனியாகத் தூக்க வேண்டாம். சூடான அறையில் இருந்த பேட்டரியைக் காலையில் மாட்டினால் வண்டி எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். பெட்டி பிதுங்கிய, உறைந்த பேட்டரிக்கு மட்டும் பூஸ்ட் கொடுக்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். வெடிக்கும்.

இந்த அக்டோபரில் போன் செய்த தம்பியின் கரோலாவை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். ரிஃப்ராக்டோமீட்டர் மைனஸ் 20 காட்டியது. கூலன்ட் நிறம் தெளிவாக இருந்ததால் அலசவில்லை. இரண்டு லிட்டர் வடித்து, கலக்காதது இரண்டு லிட்டர் ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி சொட்டு விட்டோம். மைனஸ் 43. பேட்டரி ஒட்டுச்சீட்டில் 2018 என்று இருந்தது. லோடு டெஸ்டில் தேறவில்லை. புதிது நூற்று எண்பது டாலர். கிரில்லுக்குப் பின்னால் மடித்துக் கட்டியிருந்த ஒரு பிளக்கை அவனே கண்டுபிடித்தான், 36 ஓம். மிச்சப் பணத்தில் டைமரும் சார்ஜரும் வாங்கிக்கொண்டு, "அண்ணா, இன்னும் கொஞ்சம் கையில இருக்கு, அம்மாவுக்கு அனுப்பிடறேன்" என்றான்.